ஈம் என்னும் ஊரின் ஏடு

மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், குறளிலிருந்து ஓர் அதிகாரத்தையோ சிலம்பிலிருந்து ஒரு காட்சியையோ எடுத்துக்கொண்டு நாலைந்து பக்கம் எழுதித் தருவது என் வழக்கம். பி.ஏ. வகுப்பில் கற்ற தமிழ் அதற்குப் போதுமானதாக இருந்து வந்திருக்கிறது. இம்முறை அவ்வழக்கத்தை மீறுகிறேன். இங்கிலாந்து நாட்டில், ஆயிரம் பேர்கூட வாழாத ஒரு மலைச்சிற்றூரின் பழங்கதையைச் சொல்லப் போகிறேன். ‘தலைநகரில் கோப்பு தள்ளும் உமக்கும் அவ்வூருக்கும் என்ன ஐயா உறவு?’ என்று அன்பர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு. அது ஏட்டின் வழியாக வந்த உறவு.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் கையில் புரண்டு வருவன சர்வீஸ் புக் என்று நாங்கள் வழங்கும் பணிப்பதிவேடுகளே. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, சொந்த ஊர், உடலில் காணும் அடையாளம், வாரிசு நியமனம் ஆகியவற்றை எழுதி, சரிபார்த்து, கையொப்பம் வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டுவது என் தொழில். ஒரு மனிதனைப் பற்றி அரசுக்குத் தெரிந்தது அந்த முதற்பக்கம்தான். அதில் ஓர் எழுத்துப் பிழைத்தால் ஓய்வூதியம் நின்றுவிடும். ஆகவே, பழைய ஏடு என்று எங்கே கண்டாலும் என் கண் தானாகவே அதன் ஓரக்குறிப்புகளை நாடும்.

2020ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, அரசுக் குடியிருப்பின் இரண்டு அறைகளுக்குள் மனைவி மக்களோடு அடைபட்டிருந்த நாள்களில், இந்த ஊரைப் பற்றி ஒரு நாளிதழ்க் குறிப்பில் முதன்முதலாகப் படித்தேன். கொள்ளைநோய் வந்தபோது தன்னைத் தானே பூட்டிக்கொண்ட ஊர் என்று அக்குறிப்பு சொன்னது. பிறகு கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தேன். எழுதும்போது ஐயம் என்பர். உச்சரிக்கும்போது ஈம் என்பர். ஆங்கிலேயரின் ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுத்துக்கும் ஒலிக்கும் ஒட்டாமல் நிற்கும். தமிழில் ஈமம் என்றால் பிணம் சுடும் விறகடுக்கு. இது வெறும் ஒலி ஒப்புமை என்பதை அறிவேன். ஆயினும் அவ்வூரின் பெயரை முதன்முறை சரியாக ஒலித்தபோது சற்றே திடுக்கிட்டேன்.

டெர்பிஷயர் மாவட்டத்தில், பீக் என்னும் மலைநாட்டில் இருக்கிறது ஈம். ஈயச் சுரங்கமும் ஆட்டு மந்தையுமே அக்காலத்தில் அவ்வூரின் பிழைப்பு. நடுவில் புனித லாரன்ஸ் பெயர்தாங்கிய தேவாலயம். அதன் வளாகத்தில் ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமையுடைய கற்சிலுவை ஒன்று. தேவாலயமும் அதைச் சுற்றிய நிலமும் மக்களும் சேர்ந்தது ஒரு பாரிஷ். நம் தமிழ்க் கிறித்தவர்கள் இதைப் பங்கு என்பர். இங்கிலாந்தின் பங்கு வழிபாட்டோடு நின்றதன்று. ஏழைகளுக்குப் படியளத்தல், பாதை பழுதுபார்த்தல், அனாதைச் சிறுவரைத் தொழிலுக்கு ஒப்படைத்தல் எல்லாம் அதன் பொறுப்பே. நம் ஊர்ப்பஞ்சாயத்தும் கோயிலும் கிராம முன்சீப்பும் ஒன்றாகக் கலந்த அமைப்பு என்று கொள்ளலாம்.

இந்தப் பங்குகள் ஒவ்வொன்றும் ஓர் ஏடு வைத்திருக்க வேண்டும் என்று 1538இல் கட்டளை பிறந்தது. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் அதைப் பிறப்பித்தார். ஞாயிறுதோறும் வழிபாடு முடிந்தபின், அவ்வாரத்துத் திருமுழுக்கு, திருமணம், நல்லடக்கம் ஆகியவற்றைச் சாட்சிகள் முன்னிலையில் எழுத வேண்டும். ஏட்டை இரு பூட்டுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி குருவிடமும் மற்றொன்று காப்பாளரிடமும் இருக்க வேண்டும். அறுபதாண்டு கழித்து, தாளில் எழுதியதைத் தோலில் படியெடுக்கவும், ஆண்டுதோறும் ஒரு நகலை மேற்றிராணியாருக்கு அனுப்பவும் ஆணை வந்தது. இரண்டு சாவி, நகல், மேலதிகாரிக்கு ஆண்டறிக்கை! இதைப் படித்தபோது எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏதோ ஒரு மலையூரில் என் தொழிலைச் செய்த ஒருவன் விரல் விறைக்க எழுதிக்கொண்டிருந்திருக்கிறான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்நாளில் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ஆகவே பழைய ஏட்டில் 1665 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1666. 1752இல்தான் ஜனவரி முதல் தேதிக்குப் புத்தாண்டை மாற்றினர். இது தெரியாமல் தந்தை இறந்து ஈராண்டு கழித்து மகன் பிறந்ததாக வம்சாவளி எழுதி மானத்தை வாங்கியவர்களும் உண்டாம்.

பெட்டிக்குள் வேறு தாள்களும் இருந்தன. 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிழைப்புத் தேடி வேற்றூர் சென்ற ஏழையை அவ்வூரார் சொந்தப் பங்குக்கே திருப்பியனுப்பலாம். திருப்பியனுப்பாதிருக்க வேண்டுமாயின், ‘இவன் எங்கள் ஊரான்; வறுமையுற்றால் நாங்களே ஏற்போம்’ என்று சொந்த ஊரார் சான்று எழுதித் தரவேண்டும். பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காகப் பிறப்பிடச் சான்று தேடி ரயிலேறிய நம்மவர்க்கு அத்தாளின் கனம் விளங்கும்.

இனி 1665க்கு வருவோம். அவ்வாண்டு லண்டன் மாநகரைப் பிளேக் சூறையாடிக்கொண்டிருந்தது. ஈம் ஊரில் அலெக்சாண்டர் ஹாட்ஃபீல்ட் என்னும் தையற்காரர் இருந்தார். அவருக்கு லண்டனிலிருந்து ஒரு துணிமூட்டை வந்தது. அதைப் பிரித்தவர் அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ். துணி ஈரமாயிருக்கக் கண்டு, கணப்பின் முன் விரித்து உலர்த்தினார் என்பது கதை. ஈரத்துணியை உலர்த்துவதைவிடச் சாதாரணமான செயல் உலகில் உண்டோ? அத்துணியில் இருந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொணர்ந்தன என்பது பின்னாளைய விளக்கம். செப்டம்பர் 7 அன்று விக்கர்ஸை அடக்கம் செய்தனர். அதே மாதம் 22இல் அவ்வீட்டுச் சிறுவன் எட்வர்ட் கூப்பர் போனான். அவன் தமையனும் சில நாளில் போனான். அடுத்த ஆண்டு ஹாட்ஃபீல்டும் மாண்டார். இருவரையும் பெற்று, ஹாட்ஃபீல்டை மறுமணம் செய்துகொண்டிருந்த மேரி மட்டும் பிழைத்திருந்தார். அடுத்த வீட்டில் தார்ப் குடும்பம். செப்டம்பர் இறுதியில் தொடங்கி மே முதல் வாரத்துக்குள் அவ்வீட்டார் ஒன்பது பேர் போய்விட்டனர். அவ்வீடு இன்றும் இருக்கிறது. வாசலில் ஒன்பது பெயர்களையும் எழுதிய பலகை தொங்குகிறது.

குளிர்காலத்தில் நோய் சற்று அடங்கியது. கோடை தொடங்கியதும் மீண்டும் தலையெடுத்தது. வசதியுள்ளோர் சிலர் முன்னரே ஊரைவிட்டு அகன்றுவிட்டனர். எஞ்சியோர் சுரங்கத் தொழிலாளரும் குடியானவரும். அவர்களும் 1666 ஜூன் மாதம் கிளம்ப ஆயத்தமானபோதுதான் குருமார் இருவர் குறுக்கே நின்றனர்.

இருவர் என்றேனே, அதுவே ஒரு தனிக்கதை. பதவியிலிருந்த குரு வில்லியம் மாம்பெசன், முப்பது வயது நிரம்பாத இளைஞர், ஊருக்குப் புதியவர். மற்றவர் தாமஸ் ஸ்டான்லி. தூய்மைவாதியான இவர், 1662இல் வந்த ஒருமைச் சட்டத்துக்கு இணங்க மறுத்ததால் இதே ஊரில் குருப்பதவியை இழந்தவர். பதவியிழந்த குருமார் தம் பழைய பங்கிலிருந்து ஐந்து மைலுக்கு அப்பால் வாழ வேண்டும் என்று 1665இல் இன்னொரு சட்டமும் வந்தது. அதன்படி ஸ்டான்லி அவ்வூரில் இருக்கவே கூடாது. ஊராரோ புதியவரைவிடப் பழையவரையே நம்பினர். பதவியில் இருப்பவரும் பதவியிலிருந்து நீக்கப்பட்டவரும் ஒரே மேடையில் நிற்பது எவ்வளவு அரிது என்பதை, அலுவலகத்தில் இருந்தவர்க்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே இருவரும் ஒன்றாக நின்றனர்.

அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள் மூன்று. இறந்தோரைத் தேவாலயத்துக்குக் கொண்டுவராமல் அவரவர் வீட்டார் அவரவர் தோட்டத்திலோ வயலிலோ விரைந்து புதைத்துவிட வேண்டும். தேவாலயக் கதவை அடைத்துவிட்டுக் குக்லெட் டெல்ஃப் என்னும் பள்ளத்தாக்கின் திறந்தவெளியில், குடும்பம் குடும்பமாக விலகி நின்று வழிபட வேண்டும். மூன்றாவது, எல்லையைத் தாண்டி எவரும் வெளியே போகக் கூடாது. எவரும் உள்ளே வரவும் கூடாது. அருகே சாட்ஸ்வொர்த்தில் இருந்த டெவன்ஷயர் பிரபு உணவும் மருந்தும் அனுப்ப உதவினார். அக்கம்பக்கத்து ஊரார் எல்லைக்கல்லில் பண்டங்களை வைத்துவிட்டுச் செல்வர். ஈம் ஊரார் அக்கல்லில் குடைந்த குழிகளில் காடியை ஊற்றி, அதற்குள் காசைப் போட்டுவிட்டுத் திரும்புவர். ஸ்டோனி மிடில்டன் என்னும் ஊருக்குப் போகும் வழியில் அக்கல் இன்றும் கிடக்கிறது. குழிகளின் விளிம்பு தேய்ந்து வழவழத்திருப்பதைப் படத்தில் பார்த்தேன்.

ஆகஸ்டு மாதம் மட்டும் எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஹான்காக் குடும்பத்தாரும் இருந்தனர்.

ஊருக்கு வெளியே மேட்டில் ரைலி என்றொரு பண்ணை. அங்கே ஜான் ஹான்காக், அவர் மனைவி எலிசபெத், பிள்ளைகள். ஆகஸ்டு 3ஆம் தேதி முதல் 10ஆம் தேதி வரையான எட்டு நாள்களில் அப்பெண்மணி கணவரையும் ஆறு மக்களையும் இழந்தார். ஊர் ஏற்பாட்டின்படி எல்லாரையும் அவரே புதைக்க வேண்டியிருந்தது. துணை வர ஒருவரும் இல்லை. வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, பிணத்தின் காலில் துண்டைக் கட்டி இழுத்துச் சென்று, தாமே குழிவெட்டிப் புதைத்தார் என்று வழிவழியாகச் சொல்கின்றனர். எதிர்மேட்டில் நின்ற ஸ்டோனி மிடில்டன் ஊரார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றனராம். கீழே இறங்கி வர அவர்களுக்கு அனுமதியில்லை, மனமும் வந்திராது. பிறகு எலிசபெத், ஷெஃபீல்டு நகரில் தொழில் பயின்றுகொண்டிருந்த எஞ்சிய ஒரு மகனிடம் போய்ச் சேர்ந்தார். வட்டமான சிறிய கற்சுவருக்குள் அந்த ஏழு பேரின் நினைவுக்கற்கள் இன்றும் நிற்கின்றன.

இவ்விடத்தில் என் கதையையும் சொல்லிவிட வேண்டும். 2021ஆம் ஆண்டு மே மாதம், இரண்டாம் அலையில், புதுக்கோட்டைச் சீமையில் உள்ள எங்கள் ஊரில் என் தகப்பனார் காலமானார். நான் தலைமகன். தந்தைக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன். இங்கே தலைநகரில் ஊரடங்கு. அங்கே தமிழகத்திலும் ஊரடங்கு. என் மனைவிக்கு அப்போதுதான் காய்ச்சல் இறங்கியிருந்தது. தம்பி தொலைபேசியில் அழைத்தான். “அண்ணே, கெளம்பி வந்துறாதீங்க. வந்தாலும் பாக்க விடமாட்டாங்க. தெருவையே தகரம் வச்சு அடைச்சிருக்காங்க. புள்ளைகள நெனச்சுக்கங்க” என்றான். நான் வாதாடினேன். அவன் அழுதான். இறுதியில் நான் போகவில்லை. உறையணிந்த நான்கு பேர் வந்து தூக்கிச் சென்றனர். தம்பி நூறடி தள்ளி நின்று பார்த்தான். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்று சொன்னான்.

அதற்குப்பின் பல மாதம் எனக்குத் தம்பிமீது சினம் இருந்தது. பாதையடைத்தவர்மீதும் ஊரார்மீதும் சினம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, போகாமலிருந்த என்மீதே இருந்தது. அக்காலத்தில்தான் ஈம் ஊரைப் பற்றிய நூல்களை விடாமல் படித்தேன். எலிசபெத் ஹான்காக் ஒருத்தியே ஏழு பேரையும் இழுத்துச் சென்று புதைத்தாள். எனக்கோ ஒருவரைத் தொடவும் வாய்க்கவில்லை. இரண்டில் எது கொடிது என்று நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து எண்ணியதுண்டு. அது எண்ணத் தகாத கணக்கு என்பது விடிந்தபின்தான் தெரியும்.

ஏட்டில் இறந்தோர் பெயர்கள் தேதிவாரியாக இருக்கின்றன. ஆராய்ச்சியாளர் அவற்றை அச்சிட்டிருக்கின்றனர். அலுவல் பழக்கத்தால் நானும் அப்பட்டியலை ஒரு கோடிட்ட நோட்டில் படியெடுத்தேன். பிறகு குடும்பவாரியாகப் பிரித்தெழுதினேன். தேதிவாரியாகப் படிக்கும்போது அது ஒரு கணக்கு. குடும்பவாரியாகப் பிரித்தபோது வீடுகள் தெரிந்தன; எந்த வீட்டில் விளக்கு முதலில் அணைந்தது, எந்த வீட்டில் ஒருவர் மட்டும் மிஞ்சினார் என்பது தெரிந்தது. என் மகள் ஒருநாள் அந்நோட்டைப் புரட்டிப் பார்த்து, “இவங்கள்லாம் யாருப்பா, நம்ம சொந்தமா?” என்று கேட்டாள்.

எழுத்தன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். இன்று உள்ள ஏடு அந்நாளில் எழுதியதே அன்று. ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்து, அப்போது குருவாயிருந்த ஜோசப் ஹன்ட் என்பவர் காலத்தில் எடுத்த படி அது. இந்த ஹன்ட் ஒரு விசித்திரமான மனிதர். சாராயக்கடையில் விளையாட்டாகக் கடைக்காரர் மகளைத் திருமணம் செய்வதுபோல் நடித்தாராம். செய்தி மேற்றிராணியார் காதுக்கு எட்ட, ‘விளையாட்டை வினையாக்கு’ என்று உத்தரவு வந்ததாம். மணந்துகொண்டார். முன்பே வேறொரு பெண்ணுக்கு வாக்களித்திருந்ததால் வழக்கு மூண்டு, பிடிக்க வருவோருக்கு அஞ்சித் தேவாலயத்தை ஒட்டிய அறையிலேயே குடியிருந்தார் என்பர். அவ்வறையில் அடைபட்ட மனிதருக்குப் பழைய ஏட்டைப் படியெடுக்கப் பொழுது கிடைத்ததில் வியப்பில்லை. இப்படிப்பட்டவர் காலத்துப் படி நம்பத்தக்கதா என்று கேட்பீர்கள். ஒழுங்கற்ற குமாஸ்தாக்கள் அழகாகப் படியெடுப்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஏடு சொல்வதும் ஊர் சொல்வதும் வேறுவேறு. எம்மட் சிடால் என்னும் பெண் 1666 ஏப்ரல் இறுதியில் இறந்தாள் என்று ஏடு சொல்கிறது, அவ்வளவுதான். ஸ்டோனி மிடில்டன் ஊர் ரோலண்ட் டோர் என்பவனுக்கு அவள் நிச்சயிக்கப்பட்டிருந்தாள் என்றும், பள்ளத்தாக்கின் இரு கரையிலும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர் என்றும், ஒருநாள் அவள் வரவில்லை என்றும், தடை நீங்கியதும் முதலாவதாக ஊருக்குள் ஓடிவந்தவன் அவனே என்றும் ஊர் சொல்கிறது. மார்ஷல் ஹவ் என்பவனைப் பற்றியும் அப்படியே. முதலில் நோய்கண்டு பிழைத்த அவன், இனித் தனக்கு வாராது என்று துணிந்து, புதைக்க ஆளில்லாத வீடுகளில் பிணம் புதைத்துக் கூலியாக வீட்டுப் பொருள்களை எடுத்துக்கொண்டான். அவன் மனைவியும் மகனும் அதே நோயில் மாண்டனர். பல தலைமுறை வரை அடங்காத பிள்ளைகளை ‘மார்ஷல் ஹவ்வைக் கூப்பிடுவேன்’ என்று தாய்மார் மிரட்டினராம். நம் ஊரில் பூச்சாண்டி, அங்கே வெட்டியான். பிணத்தைத் தொட ஒருவன் வேண்டும். தொட்டபின் அவனை வெறுக்கவும் வேண்டும். இது எந்த நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது.

மாம்பெசனைப் பற்றி இருவகையாகவும் எழுதியிருக்கின்றனர். ஊரைப் பூட்டுவதற்கு முன் தம் மகனையும் மகளையும் யார்க்‌ஷயரில் உறவினரிடம் அனுப்பிவிட்டார். மனைவி கேத்தரினையும் போகச் சொன்னார். அவர் மறுத்துக் கணவரோடு தங்கி, நோயாளிகளைக் கண்டுவந்தார். ஆகஸ்டு 25 அன்று இறந்தார். அவர் கல்லறை தேவாலய வளாகத்தில் இருக்கிறது. தம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஊரார் பிள்ளைகளை இருக்கச் சொன்னது எந்த நியாயம்? முதலில் படித்தபோது எனக்கும் அவர்மேல் கசப்பே தோன்றியது. பிறகு, ‘புள்ளைகள நெனச்சுக்கங்க’ என்று தம்பி சொன்னதும், நான் நினைத்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. நான்காண்டுக்குள் அவர் ஈக்ரிங் என்னும் வேறொரு பங்குக்கு மாற்றலாகிப் போனார். பிளேக் ஊரிலிருந்து வந்தவர் என்று அஞ்சி, அங்குள்ளோர் அவரைச் சில காலம் ஊருக்கு வெளியே ஒரு குடிலில் வைத்தனராம்.

1666 நவம்பர் முதல் தேதியோடு சாவு நின்றது. பதினான்கு மாதங்களில் 76 குடும்பங்களில் ஏறத்தாழ 260 பேர் இறந்தனர். ஊரின் அன்றைய மக்கள்தொகை 350 என்று நெடுங்காலம் சொல்லி வந்தனர். அதற்கு இருமடங்கு வரை இருந்திருக்கலாம் என்று ஏடுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள் சொல்கின்றனர். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, அதே பட்டியலைக் கணித முறையில் ஆராய்ந்து, தொற்றில் முக்கால் பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவியிருக்க வேண்டும் என்று கணித்தது. நோய் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பரவவில்லை. அதே வேளையில், தப்பியோடியிருந்தால் உள்ளே பலர் பிழைத்திருப்பர் என்று சொல்வோரும் உண்டு. ஊரார் எல்லாரும் விரும்பியே தியாகம் செய்தனர் என்னும் காவியம் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது என்றும், போக்கிடமற்ற ஏழைகளே எஞ்சியிருந்தனர் என்றும் வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். எனக்கு அதனால் ஊரின்மேல் மதிப்புக் குறையவில்லை. ‘விரும்பி இருந்தார்களா, வேறு வழியின்றி இருந்தார்களா’ என்று கேட்டால் அவர்களுக்கே விடை தெரிந்திராது என்று நினைக்கிறேன். நான் அந்த மே மாதத்தில் இங்கே இருந்தது விரும்பியா, வழியின்றியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவ்வூரின் கதையைக் காத்தவர்கள் பெரும்பாலும் அவ்வூராரே. வில்லியம் வுட் என்பவர் 1842இல் ஊர் வரலாற்றை எழுதி அச்சிட்டார். பிற்காலத்தில் கிளாரன்ஸ் டேனியல் என்பவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த பொருள்களைக் கொண்டு 1994இல் அருங்காட்சியகம் திறந்தனர். பழைய குடும்பங்களின் வழிவந்தோர் சிலர் இன்றும் அங்கே வாழ்கின்றனர். ஆண்டுதோறும் ஆகஸ்டு கடைசி ஞாயிறன்று அதே பள்ளத்தாக்கில் கூடி வழிபடுகின்றனர்.

தகப்பனாரின் இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தபோது அதைத் தொழில்முறைக் கண்ணால் பார்த்தேன். பெயர், பாலினம், தேதி, இடம், பெற்றோர் பெயர், முகவரி, பதிவெண். காரணத்தை எழுதக் கட்டமில்லை. தூக்கிச் சென்றவரை எழுதவும் கட்டமில்லை. பிறந்த தேதி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தகப்பனாரின் எல்லாச் சான்றுகளிலும் ஜூன் முதல் தேதி என்றே இருக்கும். பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் போட்டுக்கொடுத்த தேதி அது. அப்பத்தாவோ, “ஆடிப்பெருக்குக்கு மறுநாள்” என்பார். எங்கள் பாட்டனாருக்குத் தகப்பன் பெயர் தெரியும். அவருக்குத் தகப்பன் யார் என்று கேட்டால் ஊரில் சொல்ல ஆளில்லை. ஈம் ஊர்த் தையற்காரர் வீட்டுச் சிறுவன் எந்த நாளில் இறந்தான் என்று எனக்குத் தெரிகிறது. என் கொள்ளுப்பாட்டனின் தந்தை பெயர் தெரியவில்லை.

ஆகவே சென்ற தைப்பொங்கலன்று, ஈம் பட்டியலைப் படியெடுத்த அதே நோட்டின் மறுபுறத்தைத் திருப்பி, கோடு போட்டு, எங்கள் குடும்பத்துக்கு ஓர் ஏடு தொடங்கினேன். பிறப்பு, திருமணம், இறப்பு என்று மூன்று பகுதி. பிறந்த தேதிக்கு இரண்டு கட்டம்; ஒன்று சான்றிதழில் உள்ளது, மற்றொன்று அப்பத்தா சொன்னது. இறப்புப் பகுதியில் ‘உடனிருந்தோர்’ என்று ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்தேன். தகப்பனார் வரிசையில் அக்கட்டத்தில் தம்பியின் பெயரை எழுதி, ‘நூறடி தொலைவில்’ என்று அடைப்புக்குறிக்குள் குறித்தேன்.

பிறகு தம்பிக்குத் தொலைபேசியில் பேசினேன். அந்த நாலு பேர் யார், விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். “எதுக்குண்ணே இப்ப?” என்றான். ஏட்டில் எழுத வேண்டும் என்றேன். சிறிது நேரம் ஒன்றும் பேசாமலிருந்தான். இரண்டு வாரம் கழித்து அழைத்தான். ஒருவர் பக்கத்து ஊர் ஆட்டோ ஓட்டுநர். மற்றொருவர் பேரூராட்சியில் தினக்கூலிக்கு வேலை பார்ப்பவர். இருவர் பெயரும் கிடைத்தன, எழுதிவிட்டேன். மற்ற இருவரும் வெளியூரிலிருந்து வந்தவர்கள், தேடிக்கொண்டிருக்கிறேன் என்றான். அவ்விரண்டு கோடுகளையும் நிரப்பாமல் விட்டு வைத்திருக்கிறேன்.